அறுபத்து மூவரும் ஆல்வினும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. இந்தக் கதையில் கெட்டவர்கள் யாரும் இல்லை. எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள்தான். அதனால்தான் இவ்வளவும் நடந்தது. வசதியாக உட்கார்ந்து கேளுங்கள். நடுவில் கண் அசந்தால் அசரட்டும். விழித்துப் பார்க்கும்போது கதையில் வருகிற அலுவலகம் விட்ட இடத்திலேயேதான் இருக்கும்.

ஆல்வின் வால்பாறைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியர். வயது முப்பத்தொன்பது. பதினோரு வருடமாக அங்கேதான். மனைவி இளவேனிலுக்குக் கோயமுத்தூர் கணபதியில் ஒரு மோட்டார் பட்டறையில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வேலை. மகள் யுவஸ்ரீக்கு நாலு வயது. பிறந்ததிலிருந்து காது கேட்காது. ஆறு மாதத்துக்கு முன்னால் அறுவை சிகிச்சை செய்து கருவி வைத்தார்கள். கருவி வைத்த மறுநாளே பிள்ளைக்கு எல்லாம் கேட்டுவிடாது. ஒவ்வொரு சத்தமாகப் பழக்கித்தான் கொண்டுவர வேண்டும். உக்கடத்தில் இல்மா என்ற பெண் அந்தப் பயிற்சியைக் கொடுத்துவந்தார். தாய் தகப்பன் இருவர் குரலும் தினமும் பிள்ளையின் காதில் விழ வேண்டும், ஃபோன் பேச்சு இப்போதைக்கு அவளுக்கு வெறும் இரைச்சல் என்று அவர் சொல்லியிருந்தார்.

ஆகவே ஆல்வினுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே ஏதாவது ஒரு பள்ளிக்கூடம். மாற்றுத்திறன் பிள்ளையின் பெற்றோர் என்ற முன்னுரிமைப் பட்டியலில் அவர் பெயர் மூன்றாவதாக இருந்தது. மே மாதம் கலந்தாய்வு. அதுவரை வேலைப் பதிவேட்டில் ஒரு தூசு விழாமல் இருந்தால் போதும் என்றார்கள்.

பிப்ரவரியில் சுற்றறிக்கை வந்தது. ‘மூல ஆவணங்கள் வழி வரலாறு கற்பித்தல்’ என்று மூன்று நாள் பயிற்சி, புதன் முதல் வெள்ளி வரை. கலந்துகொள்ளாதவர்கள் விளக்கம் தர வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு மூல ஆவணமும் அதன் இரண்டு ஜெராக்ஸ் பிரதிகளும் கொண்டுவர வேண்டும். ஆல்வினுக்குச் சந்தோஷம். மூன்று நாள் கோயமுத்தூரில் இருக்கலாம், மூன்று சாயங்காலமும் பிள்ளையோடு பேசலாம். அதோடு, சொன்னால் சிரிக்காதீர்கள், அவருக்கு வரலாறு நிஜமாகவே பிடிக்கும்.

பயிற்சி நடந்த இடம் சத்தி ரோட்டில் இருக்கும் பங்காரம்மா திருமண மண்டபம். மண்டபத்துக்காரர் வரதராஜுலு இலவசமாகக் கொடுத்திருந்தார். முந்தின நாள் அங்கே வரவேற்பு நடந்திருந்தது. மேடையில் ‘யஷ்வந்த் நேஹா’ என்று தெர்மோகோல் எழுத்துகள் ஆளுயரத்துக்கு நின்றன. பயிற்சியின் பேனரை அவற்றுக்கு மேலே கட்டினார்கள். எழுத்துகளைக் கழற்றப் பூக்கடைக்காரர் வர வேண்டும், அவர் திருப்பூருக்குப் போயிருந்தார்.

அறுபத்து நாலு ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். கொண்டுவந்த ஆவணங்களை ஒரு பெண்மணி வாசலில் வாங்கி வைத்தார். நாற்பத்தொன்று ரேஷன் கார்டு, பன்னிரண்டு கரண்ட் பில், மீதி ஜாதகம். மூலங்களை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு ஜெராக்ஸை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மூலத்தில் சான்றொப்பம் இல்லை, ஜெராக்ஸில்தான் இருக்கிறது என்பது காரணம்.

வரதராஜுலு வரவேற்புரை சொன்னார். பெரிய மனிதர், மனதில் எதையும் ஒளித்துவைக்காதவர்.

“எங்க தாத்தா மில்லு ஆரம்பிச்ச நாள்லருந்து ஆள் பதிவேடு, கூலிச் சீட்டு, ஸ்ட்ரைக் நோட்டீசு, எல்லாம் ஒரு குடோன் நெறைய இருந்துச்சுங்க. மண்டபங் கட்டறதுக்கு எடம் வேணுமின்னு அத்தனையும் எடைக்குப் போட்டுப்போட்டோம். ரெண்டு லாரி போச்சு. இன்னிக்கு நெனைச்சா மனசு கேக்கறதில்லைங்க. அதனாலதான் சொல்றேன், ஆவணத்தை எல்லாரும் பாதுகாக்கோணும். நீங்க இப்ப உக்காந்திருக்கீங்களே, அதுதானுங்க அந்தக் குடோன்.”

எல்லோரும் கை தட்டினார்கள். சிலர் தரையைக் குனிந்து பார்த்தார்கள். நல்ல கிரானைட்.

அடுத்துப் பேசியவர் கருத்தாளர், முனைவர் கதிர்வேல். ஓர் ஆவணத்தைக் கையில் எடுத்தால் ஐந்து கேள்வி கேட்க வேண்டும் என்றார் அவர். யார் எழுதியது, எப்போது எழுதியது, யாருக்காக, எதற்காக, எதை விட்டுவிட்டு எழுதியது. ஆல்வின் ஐந்தையும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். எப்போது என்ற கேள்விதான் உயிர்நாடி என்று சொல்லிவிட்டுக் கதிர்வேல் கண்ணாடியைக் கழற்றினார்.

“நடந்தப்பறம் எழுதினா அது ஆவணம். நடக்கறப்ப எழுதினா இன்னும் ஒசத்தி. நடக்கறதுக்கு முன்னாடியே எழுதிப்போட்டா அது ஆவணமே இல்லைங்க. ஜோசியம்.”

இந்த வாக்கியம் முடிந்த கையோடு வருகைப் பதிவேடு வந்தது. கொண்டுவந்தவர் ஒருங்கிணைப்பாளர் கிருபாசங்கர். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் ஆறு கட்டங்கள். மூன்று முற்பகல், மூன்று பிற்பகல். ஆறிலும் இப்போதே போட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார். பதினொரு மணிக்குப் பதிவேடு கல்வி அலுவலகம் போயாக வேண்டும், பயிற்சி சிறப்பாக நிறைவுற்றது என்ற அறிக்கை அங்கே தயாராக இருக்கிறது, இது ஒன்றுதான் பாக்கி என்றார்.

இது புதிய பழக்கம் இல்லை. எல்லாப் பயிற்சியிலும் இப்படித்தான். ஆசிரியர்கள் பேசிக்கொண்டே ஆறு கையெழுத்தைப் போட்டுப் பக்கத்து ஆளுக்குத் தள்ளினார்கள். எட்டு வினாடிக்கு மேல் யாருக்கும் ஆகவில்லை.

கடைசியாக ஆல்வினிடம் வந்தபோது அவர் பேனாவைத் திறந்தார், நின்றார். இப்போதுதானே அந்த மனிதர் ஜோசியம் என்று சொன்னார்? சொன்ன வாய் மூடுவதற்குள் வெள்ளிக்கிழமை பிற்பகலுக்கான கட்டம் கண்ணெதிரே வருகிறது. இது தற்செயலாக இருக்க முடியுமா? ஆல்வினுக்குப் புரிந்துவிட்டது. இது பயிற்சியின் முதல் செயல்பாடு. யார் விழிப்பாகக் கேட்டார்கள் என்று பார்க்கிறார்கள். அறுபத்து மூன்று பேரும் வலையில் விழுந்துவிட்டார்களே என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. புதன் முற்பகல் கட்டத்தில் மட்டும் கையெழுத்திட்டார். பிறகு மேடையைப் பார்த்து லேசாகப் புன்னகைத்தார். கதிர்வேலும் புன்னகைத்தார். அவர் முன் வரிசையைப் பார்த்து எப்போதும் புன்னகைப்பவர். ஆல்வின் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

பதினொரு மணிக்குப் பதிவேடு ஸ்கூட்டரில் ஏறிப் போயிற்று.

மதியத்துக்கு மேல் குழுச் செயல்பாடு. எட்டு பேர் கொண்ட எட்டுக் குழுக்கள். ஆய்வு செய்ய வேண்டிய பழைய கடிதத்தின் நகல்கள் வந்துசேரவில்லை. அங்கே எழுத்து என்று இருந்தது மேடையில் இருந்த தெர்மோகோல்தான், அதையே மூல ஆவணமாகக் கொள்ளலாம் என்று கதிர்வேல் சொன்னார். ஆசிரியர்கள் சார்ட் பேப்பரில் எழுதினார்கள். யஷ்வந்தும் நேஹாவும் கூட்டாக ஆட்சி செய்திருக்கலாம் என்றது இரண்டாம் குழு. இரண்டு பெயர்களும் ஒரே உயரத்தில் இருப்பதால் அது சமத்துவம் நிலவிய காலம் என்றது ஐந்தாம் குழு. ஏழாம் குழு, எழுத்துகள் தெர்மோகோலில் இருப்பதால் அந்த அரசு நெடுநாள் நீடித்திருக்காது என்று எழுதியது. கதிர்வேல் ஏழாம் குழுவுக்குப் பேனா பரிசளித்தார்.

வியாழக்கிழமை நல்ல முகூர்த்தம். பத்தொன்பது பேர்தான் வந்தார்கள். தேநீருக்கு அப்புறம் ஏழு பேர். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் முப்பது பேர் இருந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பிற்பகல் பதிவேடு எப்போது வரும், நேற்றிலிருந்து மூன்று கட்டம் பாக்கியாயிற்றே என்று ஆல்வின் கேட்டார். பதிவேடு அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறது, கவலையே வேண்டாம் என்றார் கிருபாசங்கர். செயல்பாட்டின் விடையைக் கடைசி நாள்தான் சொல்வார்கள் போலிருக்கிறது என்று ஆல்வின் நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கணபதி வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். யுவஸ்ரீ தரையில் உட்கார்ந்து டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆல்வின் வாசலில் செருப்பைக் கழற்றியபடி, வகுப்பில் கூப்பிடுவதுபோலச் சாதாரணமாக அவள் பெயரைச் சொன்னார். பிள்ளை திரும்பியது. அவ்வளவுதான். திரும்பி, அவரைப் பார்த்துவிட்டு, மறுபடியும் டம்ளரை அடுக்கியது. இளவேனில் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, “என்னுங்க, இன்னொருக்கா கூப்புடுங்க” என்றார். அவர் இன்னொரு முறை கூப்பிட்டார். பிள்ளை இன்னொரு முறை திரும்பியது.

இல்மா கொடுத்திருந்த வீட்டுப் பயிற்சி நோட்டில் நாலு கட்டங்கள் உண்டு. தேதி, என்ன சத்தம், யார் செய்தது, பிள்ளை என்ன செய்தாள். இளவேனில் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுதினார். ‘பெயர் சொல்லி அழைத்தல். அப்பா, பின்னால் இருந்து. திரும்பினாள், இரண்டு முறை.’ அதுவரை அந்த நோட்டில் அந்த நாலாவது கட்டம் முழுக்க ‘இல்லை’ என்றே இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆல்வின் மட்டும் வந்தார்.

அறுபத்து நாலு நாற்காலி, ஒரு ஆசிரியர். கதிர்வேல் மேடையேறி, “அன்பார்ந்த ஆசிரியப் பெருமக்களே” என்று ஆரம்பித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருடைய ஸ்லைடுகள் அப்படித்தான் தயாரிக்கப்பட்டிருந்தன. பன்னிரண்டு மணிக்கு எல்லோரையும் எட்டுக் குழுக்களாகப் பிரியச் சொன்னார். ஆல்வின் பிரிந்தார். முதல் குழுவின் மேசையில் ஒரு சார்ட் பேப்பர் எழுதி, எழுந்து இரண்டாம் குழுவுக்குப் போய் இன்னொன்று எழுதினார். ஐந்தாவதில் முதல் குழுவின் கருத்தோடு மாறுபட்டார். அது ஆரோக்கியமான விவாதம் என்று கதிர்வேல் மெச்சினார்.

மண்டபத்தைக் கூட்டும் பூவாத்தாள் தூணருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாளும் ஆல்வினுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். “ஏனுங் கண்ணு, உனக்கென்ன தலையெழுத்து, எல்லாரும் போயிட்டாங்கல்ல” என்று கேட்டார். பயிற்சி முடியவில்லையே அம்மா என்றார் ஆல்வின்.

மூன்றரை மணிக்கு நிறைவு விழா. மேசைமேல் சான்றிதழ்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. வாங்கிக்கொள்ள யாரும் இல்லை, ஆனால் வழங்கும் புகைப்படம் அறிக்கையில் கட்டாயம். கிருபாசங்கர் சங்கடத்தோடு ஆல்வினிடம் வந்து, வராதவர்கள் சார்பில் அவரே வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். ஆல்வின் மேடையேறினார். ஒரு பெயர் வாசிக்கப்படும், அவர் வலப்பக்கமாக ஏறுவார், வாங்குவார், புகைப்படக்காரரைப் பார்ப்பார், இடப்பக்கமாக இறங்குவார், சுற்றி வந்து மறுபடி ஏறுவார். புகைப்படக்காரர் கல்யாண வீட்டுக்காரர், ஒவ்வொரு தடவையும் தாடையைக் கொஞ்சம் தாழ்த்தச் சொன்னார். கை தட்ட ஆள் வேண்டும் என்று பூவாத்தாளை உட்கார வைத்தார்கள். இருபது வரை அவர் தட்டினார். அப்புறம் கை வலிக்கிறது என்று துடைப்பக்கட்டையால் நாற்காலியைத் தட்டினார். சத்தம் நன்றாகவே வந்தது.

அறுபத்து மூன்று சான்றிதழ்கள் ஆல்வினின் கையில் சேர்ந்தன. மேசை காலியாயிற்று.

“என்னோடதுங்க சார்?” என்று ஆல்வின் கேட்டார்.

கிருபாசங்கர் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார்.

“நீங்க வரலையே சார்.”

கிருபாசங்கர் பட்டியலை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“புதன்கெழமை காலைல மட்டும் வந்திருக்கீங்க. மத்தியானத்துலருந்து காணோம். அஞ்சு கட்டம் காலியா இருக்குதுங்க. ஆபீசுல சிவப்பு மையில அடிச்சுப்போட்டாங்க.”

அப்போதுதான் ஆல்வினுக்குத் தெரிந்தது, செயல்பாடு எதுவும் நடக்கவில்லை என்று. இருந்தாலும் அவர் வாத்தியார். கையில் இருந்த அறுபத்து மூன்றையும் நாற்காலியில் வைத்துவிட்டுக் கதிர்வேலிடம் போனார். ஐந்து கேள்விகளையும் அந்தப் பதிவேட்டின்மீது ஒவ்வொன்றாகக் கேட்டார். எழுதியவர்கள் வந்தவர்கள் அல்ல. எழுதிய நேரம் நடப்பதற்கு முன். யாருக்காக என்றால் அறிக்கைக்காக. எதற்காக என்றால் பதினொரு மணிக்குள் அனுப்புவதற்காக. விட்டுவிட்டது, இங்கே நிற்கிற என்னை.

கதிர்வேலுக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கியது, கண்ணுகளா, அவர் நடிக்கவில்லை. இருபது வருடத்தில் தன் பயிற்சியை ஒருவர் புரிந்துகொண்டு பயன்படுத்தி அவர் பார்த்ததில்லை. ஆல்வினின் கையைப் பிடித்துக்கொண்டு, இதை அப்படியே கட்டுரையாக எழுதிக் கொடுங்கள், பயிற்சியின் சிறப்பு மலரில் போடலாம் என்றார்.

“சான்றிதழுங்க?”

“அது நிர்வாகமுங்க சார். நான் வரலாறு.”

தூணருகே நின்ற பூவாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. முன்னால் வந்து, இந்தத் தம்பி மூன்று நாளும் இங்கேதான் இருந்தார், மற்றவர்கள்தான் இல்லை, தான் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். கதிர்வேல் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

“வாய்மொழி வரலாறுன்னா எனக்கு உசுருங்கம்மா. ஆனா அதுக்கு ஒரு முறை இருக்குது. சம்பவம் நடந்து கொறைஞ்சது முப்பது வருசம் ஆகோணும். அப்பச் சொன்னாத்தான் அது வரலாறு. இப்பச் சொன்னா வம்பு.”

“முப்பது வருசங் கழிச்சு நான் எங்கீங்க சாமி இருப்பேன்” என்று கேட்டுவிட்டுப் பூவாத்தாள் நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டார்.

மார்ச் முதல் வாரம் குறிப்பாணை வந்தது. இரண்டரை நாள் அனுமதியின்றிப் பணிக்கு வராமை குறித்து விளக்கம் தரவும். விளக்கம் ஏற்கப்படும் வரை முன்னுரிமைப் பட்டியலில் தங்கள் பெயர் நிறுத்திவைக்கப்படுகிறது. ஆல்வின் ஆறு பக்க விளக்கம் எழுதினார். பயிற்சியின் புகைப்படங்களே தாம் இருந்ததற்குச் சாட்சி என்று குறிப்பிட்டார். புகைப்படங்கள் ஏற்கெனவே அறிக்கையில் ஒட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர் அச்சிட்டிருந்தது. அறுபத்து மூன்று பேர் சான்றிதழ் பெறும் காட்சி. எல்லோருக்கும் ஒரே முகம். அதை யாரும் கவனிக்கவில்லை, பெயர்கள் சரியாக இருந்தன. ஆல்வின் பெயர் எதிலும் இல்லை.

அவர் ஒரு நாள் லீவு போட்டுக் கீழே இறங்கி, கிருபாசங்கரை நேரில் பார்த்தார். கலந்தாய்வுக் கோப்புகளும் அவரிடமே இருந்தன. அதே மேசை, வேறு முத்திரை. கிருபாசங்கர் அவரை உட்கார வைத்துக் காபி வரவழைத்தார். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பிறகு கதவைப் பார்த்துக்கொண்டு தணிந்த குரலில் பேசினார்.

“சார், நீங்க வந்தீங்கன்னு எனக்குத் தெரியுங்க. நானே கண்ணால பாத்தேன். ஆனா வந்தீங்கன்னு நான் எழுதுனா, பதிவேடு தப்புன்னு ஆயிரும். ஒண்ணு தப்புன்னா மீதி அறுபத்து மூணையும் கேப்பாங்க. அவங்க ரெக்கார்டு பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்குது. ஒருத்தருக்காக அத்தனை பேரைக் கெடுக்கலாமுங்களா? அதனால நீங்க வராம இருந்துக்குங்க. வராததுக்கு ஒரு காரணம் குடுங்க. ஒடம்பு சரியில்லைன்னு மெடிக்கல் சர்ட்டிபிகேட் வெச்சுப்போட்டா, மத்ததை நான் பாத்துக்கறேன்.”

ஆல்வின் காபியைக் குடித்து முடித்தார். சரி என்று சொன்னதுகூட அவருக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் மறுநாள் வால்பாறையில் ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். டாக்டர் அனுபவசாலி. வயிற்றுப்போக்கு என்று எழுதலாமா என்று யோசித்து, அந்த நிலையில் ஒருவர் நாற்பது வளைவு பஸ்ஸில் மேலே ஏறியது நம்பும்படி இருக்காது என்று விட்டுவிட்டார். காய்ச்சல்தான் பஸ் ஏறும். புதன் மதியம் காய்ச்சல் கண்டு, பஸ்ஸில் வால்பாறை திரும்பி, சனிக்கிழமை வரை படுக்கையில் இருந்தார் என்று எழுதி, சீல் வைத்தார். போகும்போது ஆல்வினின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பழக்கம்.

ஏப்ரலில் கிருபாசங்கர் ஃபோன் செய்தார். பெயர் மறுபடி பட்டியலில் ஏறிவிட்டது. ஆனால் ஒரு சிறிய சிக்கல். முன்னுரிமைக்காக ஆல்வின் இணைத்திருந்த வீட்டுப் பயிற்சி நோட்டின் நகல் அவர் எதிரே இருக்கிறது. அதில் பிப்ரவரி மாத வியாழக்கிழமை ஒன்றில், அப்பா பின்னால் இருந்து கூப்பிட்டதாக இருக்கிறது.

“வால்பாறைல காச்சலோட படுத்திருந்தவரு கணபதில எப்புடிங்க கூப்புட்டிருப்பீங்க? முந்தியெல்லாம் நான் இதைக் கவனிச்சிருக்க மாட்டேனுங்க. கதிர்வேல் சாரோட அஞ்சு கேள்வி இருக்குதில்ல, அதை வெச்சு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன், டக்குன்னு மாட்டிருச்சு. அந்தப் பயிற்சி எனக்கு நெம்பப் பிரயோசனமா இருந்துச்சுங்க சார்.”

அவர் குரலில் கேலி துளியும் இல்லை.

அந்த ஒரு வரியை மட்டும் மாற்றி, பிள்ளையின் பயிற்சியாளரிடம் முத்திரை வாங்கித் திங்களுக்குள் கொடுத்துவிட்டால் போதும் என்றார். நகலை அதற்கப்புறம் மேலே அனுப்புவார். அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது.

இல்மா மாதம் ஒரு முறைதான் நோட்டை வாங்கிப் பார்த்து முத்திரை வைப்பார். பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் அவர் பிரசவத்துக்குப் போன அக்காவோடு பாலக்காட்டில் இருந்ததால் அந்தப் பக்கங்களை இன்னும் பார்க்கவில்லை. கணபதி ஸ்டேஷனரிக் கடையில் அதே மாதிரி நோட்டு ஒன்று வாங்கினார்கள். சனிக்கிழமை மத்தியானம் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு இளவேனில் எழுத உட்கார்ந்தார். ஆல்வின் பழைய நோட்டைப் பார்த்து வாசித்தார், வகுப்பில் நோட்ஸ் கொடுப்பதுபோல. கதவு தட்டுதல், இல்லை. கை தட்டுதல், இல்லை. பட்டறைச் சங்கு, இல்லை. இளவேனிலின் கையெழுத்து அழகானது, காயில் சுற்றுகிற கை, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி மாறாது.

அந்த வியாழக்கிழமை வந்தது. ஆல்வின் வாசிக்கவில்லை.

“யாரு பேரைங்க எழுதட்டும்?” என்று இளவேனில் கேட்டார்.

ஆல்வின் யோசித்தார். மேல்வீட்டு ரவிக்குமார் என்று எழுதலாம், லேத் பட்டறைக்காரர், நல்ல மனிதர். ஆனால் யாரோ ஒருவர் பெயரை அந்த இடத்தில் எழுத அவருக்கு மனம் வரவில்லை.

“ஆள் பேரு வேண்டாங் கண்ணு. குக்கர்னு எழுது.”

“குக்கரா?”

“விசில் சத்தம்.”

இளவேனில் பேனாவை நாலாவது கட்டத்துக்குக் கொண்டுபோனார். “திரும்பினாள்னு எழுதட்டுமா, இல்லைன்னே எழுதிப்போடட்டுமா?”

“திரும்பினாள்தானே. அது நெசந்தானே. எழுது.”

அவர் எழுதினார். ‘குக்கர் விசில். திரும்பினாள், இரண்டு முறை.’ அதற்கப்புறம் வந்த சனி, ஞாயிறுகளில் அப்பா கூப்பிட்டதாக இருந்தவற்றையும் தட்டு, கரண்டி என்று எழுதிவிட்டார். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவை இடிக்கும் என்று அவருக்கே தோன்றியது. பழைய நோட்டை என்ன செய்வது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை அது வீட்டில் இல்லை.

மே மாதக் கலந்தாய்வில் ஆல்வினுக்குக் கோயமுத்தூர் வடக்கில் ஒரு உயர்நிலைப் பள்ளி கிடைத்தது. வீட்டிலிருந்து ஒரே பஸ். ஆணையைக் கொடுக்கும்போது கிருபாசங்கர் எழுந்து நின்று கை கொடுத்தார். அதற்குள் மலரும் வந்திருந்தது. ஆல்வினின் கட்டுரை பதினான்காம் பக்கத்தில் இருந்தது, கதிர்வேலின் பெயரில். எழுதியவர் பயிற்சிக்கே வராதவர் என்று பதிவாகியிருப்பதால் வேறு வழி இல்லையாம். கதிர்வேல் அடிக்குறிப்பில் பெயர் சொல்லாமல் நன்றி தெரிவித்திருந்தார்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆல்வின் முதல் தடவையாகப் பிள்ளையோடு உக்கடம் போனார். இளவேனிலும் பட்டறையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்தார். இல்மாவின் அறை சிறியது. கம்பளம் விரித்து, மூலையில் பொம்மைகள், சுவரில் ஒலி வரிசை என்ற அட்டை. பாத்திரச் சத்தம், வண்டிச் சத்தம், பிராணிச் சத்தம், அதற்கப்புறம்தான் மனிதக் குரல்.

ஏப்ரலில் முத்திரை வைக்கும்போது மேலோட்டமாகப் பார்த்திருந்த நோட்டை இல்மா மறுபடி புரட்டினார். ரொம்பக் கவனமாகப் படித்தார். முகம் மலர்ந்தது.

“பாருங்க சார், இவளுக்குப் பாத்திரச் சத்தம் நல்லாப் புடிபட்டிருக்குது. குக்கர், தட்டு, கரண்டி, எல்லாத்துக்கும் திரும்பியிருக்கா. கொரலுக்கு ஒருக்காக்கூடத் திரும்பலை. நீங்க மலைமேல இருந்ததால அப்படி ஆயிருச்சு, பரவால்லைங்க, இனி நீங்க இங்கதானே. ஆனா அவசரப்படக் கூடாது. எது புடிச்சிருக்குதோ அதுலருந்துதான் படிப்படியாப் போகோணும். நடுவுல கொரலைக் கொண்டுபோய்த் திணிச்சா கொழப்பிக்குவா. மொத மாசம் பாத்திரம் மட்டும். நீங்க பின்னாடி உக்காந்து தட்டுங்க. பேரைச் சொல்லிக் கூப்புட வேண்டாம், பேசவும் வேண்டாம். ஆகஸ்ட்டுல கொரலுக்கு வரலாம்.”

இளவேனில் எதையோ சொல்ல வாயெடுத்தார். ஆல்வின் அவரைப் பார்த்தார். சர்வீஸ் ரெஜிஸ்டர், டாக்டர் சீட்டு, முன்னுரிமைக் கோப்பு, மூன்றும் இப்போது ஒன்றையொன்று பார்த்து ஒத்துக்கொண்டிருந்தன. இளவேனில் வாயை மூடிக்கொண்டார்.

இல்மா பிள்ளையைக் கம்பளத்தில் உட்கார வைத்து, முன்னால் மரக்கட்டைகளைப் போட்டார். ஆல்வின் ஆறடி பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் அவர் கையில் கொடுக்கப்பட்டன. சைகை காட்டும்போது அடிக்க வேண்டும். இல்மா பேனாவைத் திறந்து நோட்டில் தேதியைப் போட்டார்.

யுவஸ்ரீ இரண்டு கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். மூன்றாவதைக் கையில் எடுத்தாள். பின்னால் தகப்பன் உட்கார்ந்தது அவளுக்குத் தெரியும். இல்மா குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது, எந்தச் சத்தமும் இல்லாமலேயே, பிள்ளை கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தது. கூப்பிடுவார் என்று காத்திருந்தது.

இல்மா நிமிர்ந்து சைகை காட்டினார்.

ஆல்வின் தட்டை அடித்தார்.

“திரும்பிட்டா” என்று இல்மா சந்தோஷமாகச் சொன்னார். ‘தட்டு. அப்பா. திரும்பினாள்’ என்று எழுதி, நோட்டை ஆல்வினின் மடியில் வைத்து, பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தைக் காட்டினார்.